எறும்பு ஊர்கிறதா: ஆம் / இல்லை

தருவைப்பட்டியில் உப்பளத்தில் நின்று காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் தொண்ணூறு பேருக்குக் குறையாது. ஆனால் அந்தக் காலுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிற தாள் ஊருக்குள் வந்தது போன மாசி மாதம்தான். கொண்டுவந்தவள் எங்கள் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அமலோற்பவம், கொண்டுவந்தது ஸ்கூட்டரின் முன்பக்கம் தொங்கிய பையில், முட்டைக்கோஸுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில். ஒரே பக்கம், ஏழு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், ஆம் கட்டத்துக்குள் இரண்டு, மூன்று என்று ஓர் எண், கடைசியில் மொத்தம் போட ஒரு பெரிய கட்டம். எலும்பு வலி வேறு, நரம்பு வலி வேறு, எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கலாம், நரம்பு வலியை வாயால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும், மொத்தம் பன்னிரண்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவேன், அங்கே அதற்கென்று மாத்திரை இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள்.

முதல் செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக உட்கார்ந்தவள் சந்தனமாரி, இருபத்தெட்டு வருஷம் தலைச்சுமையாக உப்பு சுமந்து அம்பாரம் போட்டவள். “கால்ல எரிச்சல் இருக்கா?” என்று நர்ஸ் கேட்டாள். “இருக்கு” என்றாள் சந்தனமாரி, அவள் உள்ளங்கால் பட்ட இடத்தில் சிந்திக் கிடந்த தண்ணீர் சுர்ரென்று ஆவியாகிப் போனது. நர்ஸ் டிக் அடித்தாள். “எறும்பு ஊருற மாதிரி இருக்கா?” “சதா ஊருது தாயி” என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் இடது கால் பெருவிரல் நகத்துக்கு அடியிலிருந்து ஓர் எறும்பு வந்தது, அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அதன் பின்னால் ஒரு நூல் இழுத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது, கடிக்காத சின்னக் கறுப்பு எறும்புகள், எடை பார்க்கும் மிஷினைச் சுற்றிக்கொண்டு வாசற்படி இறங்கி ஈனமுத்துவின் டீக்கடைப் பக்கம் போயின. நர்ஸ் தன் காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு அதற்கும் டிக் அடித்து, “ஷாக் அடிச்ச மாதிரி வெட்டி வெட்டி இழுக்கா?” என்று கேட்டாள். கரண்ட் இல்லாத நேரம் அது. “இழுக்கு” என்று சந்தனமாரி சொன்னதும் தலைக்கு மேல் பல்பு மூன்று தரம் மின்னி நின்று எரிந்தது. வரிசையில் இருந்தவர்கள், “நல்லதாப் போச்சு, அந்த ஃபேனையும் போடு” என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகளில் ஊர் இதற்குத் தன்னைத் தோதாக்கிக்கொண்டது. ஊசி குத்துகிறது என்றவர்கள் காலிலிருந்து ஊசி உதிர்ந்தது, தையல்கடைக்காரர் கயிற்றில் காந்தம் கட்டிக்கொண்டு வந்து, ஜாக்கெட்டுக்கு ஆகும் ஊசி, சாக்குக்கு ஆகும் ஊசி என்று பிரித்து எடுத்துப் போனார். எரிகிறது என்றவர்களின் உள்ளங்காலுக்கு நேராக ஈனமுத்து கெட்டிலைப் பிடித்துக் கொதிக்க வைத்து, முதல் டீயை அவர்களுக்கே ஊற்றினான். ஜில்லென்று எதுவும் பட்டால் வலிக்கிறது என்றவர்கள் கால் வைத்த வாளியில் ஐஸ் பிடித்தது, அதை மீன்காரிகள் கூடையில் போட்டுக்கொண்டார்கள். துணி பட்டாலே வலிக்கிறது என்றவர்களின் சேலைக் கரையும் வேட்டிக் கரையும் காலைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் குடை மாதிரி விரிந்து நின்றன. மரத்துப்போகிறது என்றவர்களின் பாதத்துக்கு நிழல் விழவில்லை. நல்ல வெயிலில் தலை நிழல் இருக்கும், உடம்பு நிழல் இருக்கும், கணுக்காலோடு நின்றுபோகும், ஆள் தரைக்கு நாலு விரற்கடை மேலே நிற்கிற மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் சரியாகிவிடும்.

வட்டார மருத்துவர் ஒருநாள் ஜீப்பில் வந்து பார்த்தார். எறும்பு வரிசை அவர் ஷூவைச் சுற்றிக்கொண்டு போனது.

“ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சா?” என்று கேட்டார்.

“குறிப்புங்கிற கட்டத்துல எழுதியிருக்கேன் சார். எறும்பு வந்தது, வெளியே போனதுன்னு.”

“எறும்புப் பொடி கிடி போட்டுறாதீங்க. பூச்சிமருந்துக்குத் தனியா அனுமதி வாங்கணும்” என்று சொல்லி, ஈனமுத்துவின் டீயைக் குடித்து, இதில் புகை வாடையே இல்லையே என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எறும்பை மிதிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மிதிக்கவில்லை. தெருவில் வரிசையைப் பார்த்தால் நின்று, “இது யாரோடது?” என்று கேட்பார்கள், “சந்தனமாரி அக்காவோடது” என்று பக்கத்து வாசலில் இருந்து பதில் வரும், தாண்டிக்கொண்டு போவார்கள். “உங்க எறும்பு எங்க அடுக்களைக்கு வந்துச்சுக்கா, வெல்லத்தத் தொடவே இல்ல” என்று ஒருத்தி சொல்ல, “அதுக்கு இனிப்பு ஆகாது, எனக்குச் சர்க்கரைல்லா” என்று இன்னொருத்தி சொல்லிக்கொண்டு போவாள்.

எங்கள் ஊர் செய்த ஒரே தப்பு அந்த மொத்தக் கட்டத்தில்தான். பன்னிரண்டைத் தாண்ட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை நாங்கள் பாஸ் மார்க் என்று எடுத்துக்கொண்டோம். மார்க் குறைந்தால் நல்லது, வியாதி இல்லை என்று அர்த்தம் என்று அவள் மூன்று தரம் மைக் வைக்காத குறையாகச் சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது வாங்கிய சந்தனமாரிக்கு மகளிர் குழுவில் சால்வை போட்டார்கள். ஒன்பது மார்க் வாங்கிய ஒரு மனுஷன் தோற்றுப்போனேன் என்று நாலு நாள் வெளியே தலைகாட்டவில்லை. சாயங்காலம் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகினார்கள். பொய்யாகச் சொன்னால் ஒன்றும் வராது, எறும்பும் வராது ஊசியும் வராது, மார்க்கும் கிடையாது, ஆகையால் எல்லாரும் உண்மையாக வலிக்க முயற்சி செய்தார்கள்.

இனி என் விஷயத்தைச் சொல்கிறேன். என் பெயர் லிங்கத்துரை. ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். நடிகர் வீடு என்று கேட்டால் கைக்குழந்தைகூடக் கை காட்டும். அந்தப் பெயரை வைத்தவர் கங்காணி தவசிக்கனி, என் பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது பாதத்துக்கடியில் யாரோ அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது, வாருபலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தவசிக்கனி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, நாற்பது பேர் கேட்க, “காலு கல்லு மாதிரி இருக்கு, மூஞ்சிய மட்டும் எப்படி வச்சிருக்காரு பாருங்கலே. உப்பளத்துக்கு வரவேண்டிய ஆளா இவரு? மெட்ராஸுக்குப் போயிருந்தா பெரிய நடிகராயிருப்பாரு” என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அதில் பதினாலு பேர் அழுத்திச் சிரித்தார்கள், அவர்கள் பெயர் என்னிடம் இருக்கிறது. டவுனில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அது ஊருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. என் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதின நோட்டில்கூட நடிகர் மகள் கல்யாணம் என்றுதான் தலைப்புப் போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் தவசிக்கனியோடு பேசுவதில்லை. அவர் வீட்டு முருங்கை சுவர் தாண்டி எங்கள் பக்கம் காய்த்தது, அதை நான் தொட்டதில்லை, காய் முற்றி வெடித்து எங்கள் முற்றத்தில் விதையாக விழுந்தது, அதைப் பெருக்கி அவர் பக்கம் போட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு நான் நடிக்கவில்லை என்று அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். நர்ஸ் தாளைக் கொண்டுவந்த அன்றே இது எனக்காக வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

நான் அஞ்சாம் வகுப்பில் நின்றவன். இதையாவது ஒழுங்காகப் படித்துப் பாஸ் பண்ணுவோம் என்று சந்தனமாரியிடம் ஏழு கேள்வியையும் கேட்டு நெட்டுருப் போட்டேன், ஒரு மாதம் போட்டேன். என் மனைவி முத்துப்பேச்சி சோறு வைக்கும்போதுகூட, “எரிச்சல் உண்டு, ஊசி உண்டு, ஷாக் உண்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “குழம்பு ஊத்தவான்னு கேட்டேன்” என்றாள் அவள்.

பங்குனிக் கடைசிச் செவ்வாயில் என் முறை வந்தது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். தவசிக்கனி வேடிக்கை பார்க்க வந்து ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

“அண்ணாச்சி, கால்ல” என்று நர்ஸ் ஆரம்பித்தாள்.

“ஆமா” என்றேன்.

“இருங்க, கேட்டு முடிச்சிருதேன். கால்ல எரி...”

“ஆமா. எறும்பும் ஆமா. ஷாக்கும் ஆமா. ஊசி, ஜில்லு, துணி, மரத்துப்போறது எல்லாம் ஆமா. பத்தொன்பது போடு தாயி” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஒன்றும் வரவில்லை. ஈனமுத்து கெட்டிலோடு குனிந்து நின்றான், தையல்கடைக்காரர் காந்தத்தை இறக்கிவிட்டுக் காத்திருந்தார், எல்லாரும் என் கால் பெருவிரலைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஓர் எறும்பு, ஒரே ஒரு எறும்பு வந்திருந்தால்கூடப் போதும். பல்பு கறுப்பாகத் தொங்கியது. என் இரண்டு பாதத்துக்கும் நிழல் கனமாக, கரிக்கட்டை மாதிரி விழுந்து கிடந்தது.

“டயலாக்கெல்லாம் சுத்தமா ஒப்பிச்சாரு” என்றார் தவசிக்கனி. “நடிப்புதான் இன்னைக்குக் கொஞ்சம் கம்மி.”

சிரித்தார்கள். புதிதாக ஆறு பேர்.

வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தேன். அன்று பூராவும் கால் எரிந்தது, யாரும் பார்க்காதபோது நன்றாக எரிந்தது. முத்துப்பேச்சி தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே, “நர்ஸு கேட்டதுக்கா பதில் சொன்னிய? எங்க அண்ணனுக்குல்லா சொன்னிய” என்றாள். தவசிக்கனி அவளுக்குத் தூரத்து அண்ணன் முறை, இத்தனை நடந்தும் அவள் அந்த முறையை விடவில்லை. அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாவது செவ்வாய் காலையில் தவசிக்கனியின் மருமகள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். அவள் மாமனார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து நடு வீட்டில் நடந்திருக்கிறார், போன இடமெல்லாம் தரையில் சிவப்பாக இருந்திருக்கிறது, காலைத் தூக்கிப் பார்த்தால் ஒரு விரல் நீளத்துக்கு ஆணி. ஆணி ஏறினதே அவருக்குத் தெரியவில்லை, அதோடு மூன்று சுற்றுப் பிரகாரம் சுற்றியிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், ஊரே பின்னால் போனது, என்ன ஆகிறது என்று பார்க்க நானும் போனேன். பார்க்கத்தான் போனேன்.

நர்ஸ் ஆணியைப் பிடுங்கிக் கட்டுப் போட்டு ஊசியும் போட்டுவிட்டு, தாளை எடுத்தாள். “இவ்வளவு பெரிய ஆணி தெரியலன்னா நரம்பு சரியில்ல அண்ணாச்சி. இப்பவே பாக்கலன்னா அடுத்த தடவ விரல எடுக்கச் சொல்லிருவாங்க. பதில் சொல்லுங்க, மொத்தம் வந்தாத்தான் நான் சீட்டு எழுத முடியும். கால்ல எரிச்சல் இருக்கா?”

“இல்ல.”

“எறும்பு ஊருற மாதிரி?”

“இல்ல.”

“மரத்துப்போகுதா?”

“இல்லம்மா. ஆணி சின்ன ஆணி. அதான் தெரியல.”

ஏழு கேள்விக்கும் இல்லை. முப்பது வருஷம் மற்றவர்கள் வலியை இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், வேறெதுவும் அதற்கு வரவில்லை. நர்ஸ் பேனாவை மொத்தக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, சுழி போடுவதா வேண்டாமா என்று நின்றாள். மருமகள் அழுதாள். தவசிக்கனி எழுந்திருக்கப் போனார், எழுந்திருக்கும் முன்னால் குனிந்து செருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைக் காப்பாற்ற நான் வாயைத் திறந்தேன் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. பொய் சொல்கிறார் என்று நாலு பேருக்குக் காட்டத்தான் திறந்தேன்.

“வே கங்காணி” என்றேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. “படுக்கும்போது போர்வை பாதத்துல படாம இருக்க, காலுமாட்டுல செங்கல்ல நிறுத்தி அதுக்கு மேலதான போர்வைய விரிக்கீரு?”

அவர் என்னைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. “செங்கல் இல்லவே. முக்காலி” என்றார். அவர் வேட்டிக் கரை காலை விட்டு விலகிக் குடை மாதிரி விரிந்து நின்றது.

“குளிக்கப்போனா தண்ணி சுடுதா இல்லையான்னு கால விட்டுப் பாப்பீரா, முழங்கைய விட்டுப் பாப்பீரா?”

“முழங்கை” என்றார் மெதுவாக. அவர் பாதத்து நிழல் கொஞ்சம் வெளுத்தது.

“ஊருக்குள்ள நடக்கும்போது தலையக் குனிஞ்சே நடக்கீரு. கங்காணிக்கு என்ன அடக்கம், பூமி அதிராம நடக்காருன்னு இவங்க எல்லாம் சொல்லுதாங்க. அடக்கமா வே அது? செருப்பு கால்ல இருக்கா, வழியில விழுந்துட்டான்னு பாத்துப் பாத்துல்லா நடக்கீரு!”

“ஆமாவே” என்றார் தவசிக்கனி. “போன ஐப்பசில ஒத்தச் செருப்போட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன்.” நிழல் முழுசாகப் போய்விட்டது.

“சும்மா உக்காந்திருக்கும்போது காலக் காலத் தட்டி விடுதீரு, கேட்டா கொசுங்கீரு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஏதுவே கொசு?”

அப்போது வந்தது எறும்பு. அவர் கட்டுப் போட்ட காலிலிருந்து வந்தது, கட்டுப் போடாத காலிலிருந்து வந்தது, இத்தனை நாள் அடைத்து வைத்த எறும்பு, வரிசை பிடிக்கத் தெரியாமல் மந்தையாக வந்தது. நான் நிறுத்தவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்தானே ஷாக் ஆரம்பிக்கும் என்று கேட்டேன், பல்பு எரிந்தது. வாசல் தெளித்த ஈரத்தில் மிதித்தால் கண்ணாடித்துண்டை மிதித்த மாதிரி இருக்குமே என்று கேட்டேன், வாளியில் ஐஸ் பிடித்தது. கேள்வி வந்துகொண்டே இருந்தது, எந்தத் தாளிலும் நான் படிக்காத கேள்வி, பதினோரு வருஷமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

“அண்ணாச்சி” என்று சந்தனமாரி என் தோளைத் தொட்டாள். “உங்க காலப் பாருங்க.”

என் வேட்டியும் விரிந்து நின்றது. என் பாதத்துக்கும் நிழல் இல்லை. என் எறும்புகள் இறங்கி, சண்டை சச்சரவு இல்லாமல், ஆனால் அவர் எறும்புகளுக்கு ஒரு முழம் தள்ளியே, தனி வரிசையாக வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இதெல்லாம் தாள்ல இல்லையே அண்ணாச்சி. எங்க படிச்சிய?”

நான் பதில் சொல்வதற்குள் தவசிக்கனி முந்திக்கொண்டார். “சுவரேறிப் பாத்தீரா வே? முக்காலி உமக்கு எப்படித் தெரியும்?”

“சுவரேறுற காலா வே இது?”

அவர் என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஈனமுத்துவின் கெட்டில் யார் காலில் என்று தெரியாமல் நடுவில் கொதித்துக்கொண்டிருந்தது.

“எத்தன வருஷமா?” என்று கேட்டார்.

“பதினொண்ணு.”

“அப்ப, அன்னைக்கு அந்த வரப்புல உக்காந்தீரே...”

“அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது.”

தவசிக்கனி சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார், அதில் அன்றைக்கு உப்பளத்தில் சிரித்தவர்களும் இருந்தார்கள், போன மாதம் சிரித்தவர்களும் இருந்தார்கள். “ஏய், கேட்டுக்கிடுங்க” என்றார், பாத்தியில் வேலை ஏவுகிற அதே குரலில். “அன்னைக்கு இவருக்கு நெசமாவே வலிச்சிருக்கு. நடிக்கல. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்.”

பதினோரு வருஷமாக நான் அந்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். அது வந்த பிறகு என்ன சொல்வது என்று மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “சரி” என்றேன்.

நர்ஸ் இரண்டு பேருக்கும் சீட்டு எழுதினாள், அவருக்குப் பதினேழு, எனக்குப் பத்தொன்பது. நான் கேட்ட கேள்விகளைத் தாளின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக்கொண்டாள், இப்போது எல்லாரையும் பின்பக்கத்திலிருந்துதான் கேட்க ஆரம்பிக்கிறாளாம். மார்க் வாங்கினதற்கு எனக்கும் சால்வை போட வந்தார்கள். அழுத்திச் சிரித்த பதினாலு பேரில் ஒருத்தி கையால் போட வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் கொடுத்தார்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. பத்து நாள் கழித்து ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். முருங்கை இரண்டு பக்கமும் காய்த்துத் தொங்கியது.

“எரிச்சல் குறைஞ்சிருக்கா வே?” என்று நான்தான் கேட்டேன்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு யோசித்தார். “ரூவாய்க்கு நாலணா குறைஞ்சிருக்கு. உமக்கு?”

“எட்டணா” என்றேன்.

“எட்டணாவா!” என்றார். முகம் ஒரு சுற்று வாடியது. தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார், பிறகு என் பாதத்தைப் பார்த்தார், தன் பாதம் தனக்கு மட்டும் ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உண்மையில் எனக்கும் நாலணாதான்.